திட்டு வாங்கும் வாரம்

அரசாங்கம் கொடுத்த வக்கீலுக்கு ஜலதோஷம். பூண்டுக்காரி அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துத் தும்மிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தும்மல் வந்துவிட்டது. இவரா நம் வீட்டுக்காரரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரப் போகிறார் என்று அவளுக்கு அங்கேயே பாதி நம்பிக்கை போயிற்று. மீதிப் பாதியை அவளுடைய அண்ணன் தாழ்வாரத்திலேயே பேசித் தீர்த்திருந்தான்.

"புடிச்சு உள்ள வச்சது சர்க்காரு. வக்கீலையும் சர்க்காரே குடுக்குதுன்னா அந்த ஆளு யார் பக்கம் பேசுவான்? நீயே சொல்லு. சம்பளம் குடுக்கற எடத்தை விட்டுட்டு உன் புருஷன் பக்கமா பேசுவான்?"

"மெதுவா பேசு அண்ணே. அவர் காதுல விழப்போகுது."

"விழட்டுமே. காசு வாங்காம வேலை செய்யறவன் எப்படிச் செய்வான்? கடமைக்குச் செய்வான். எனக்குத் தெரிஞ்ச பெரிய வக்கீல் ஒருத்தர் இருக்காரு. கோர்ட்டுக்குள்ள நுழைஞ்சாலே நாலு பேர் எழுந்து நிப்பாங்க. இந்த ஆளு நுழைஞ்சா நாலு பேரு மூக்கைப் பொத்திக்குவாங்க."

அந்தப் பெரிய வக்கீலுக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை என்பது அண்ணனுக்கும் தெரியும். அவனிடமும் ஒன்றுமில்லை. இருந்தாலும் அண்ணன் என்று ஒருவன் இருந்தால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

பூண்டுக்காரி என்பது அவளுக்குத் தெருவில் வைத்த பெயர். மொத்தக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பூண்டு வரும். உரித்து, தோலைப் புடைத்துவிட்டு, வெள்ளைப் பற்களாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் நகம் மஞ்சளாகும், பிறகு விரல் நுனி எரியும், அதற்கும் பிறகு எதுவும் தெரியாது. வாசனை மட்டும் எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஈரத்தில் பூண்டு முளைவிடும், பூசணம் பிடிக்கும், கடைக்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அந்த வருடம் வானம் மூடினது மூடினபடியே கிடந்தது.

அவளுடைய கணவர் இஸ்திரிக்காரர். ஊரிலுள்ள தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்பு, துண்டு, விருந்தாளிகளின் சட்டை, கோட்டு எல்லாம் வந்து சேரும் பெரிய சலவைப் பட்டறையில் வேலை. ஒரு பக்கம் பாய்லர், நடுவில் துவைக்கும் டிரம்கள், பின்னால் கம்பி கட்டிய முற்றம், ஓரமாக இஸ்திரி அறை. கோடையோ மழையோ, அந்த அறைக்குள் எப்போதும் வெயில்காலம்தான். கோட்டின் கழுத்துப் பட்டையை அவர் மடித்துத் தேய்க்கிற அழகைப் பார்த்தவர்கள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளத் தயங்குவார்கள். மனிதர் அவ்வளவாகப் பேசமாட்டார். பேசினாலும் பாதி ஆவியோடு போய்விடும்.

நடந்தது இதுதான். ஒரு விடுதி விருந்தாளியின் கோட்டு பட்டறைக்கு வந்தது. உள்பையில் விலை உயர்ந்த கைக்கடிகாரம் இருந்ததாம். கோட்டு திரும்பிப் போனபோது கடிகாரம் இல்லை. விடுதி மேலாளர் போலீஸ்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முதலாளி முற்றத்தில் நின்று கத்தினார். இஸ்திரி அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த இஸ்திரிக்காரர், அத்தனை பேர் முன்னாலும், "நான்தாங்க" என்றார். அப்படியே கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார்கள்.

வீட்டைச் சோதனை போட்டார்கள். பூண்டு மூட்டைகளைக் கவிழ்த்தார்கள். கடிகாரம் கிடைக்கவில்லை, அறை முழுவதும் தோல்தான் பறந்தது. சோதித்த போலீஸ்காரருக்குக் கண் எரிந்ததுதான் மிச்சம். ஆனால் கடிகாரம் கிடைக்காததை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? வாயால் ஒத்துக்கொண்டானே, அது போதாதா? ஜாமீன் கேட்டதற்கும் அதையே சொல்லி மறுத்துவிட்டார்கள்.

அவளுக்கும் அதுதான் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடித்துக் கேட்டு அப்படிச் சொன்னார் என்றால் மனது ஆறும். அடிக்கவில்லை. வெறுமனே கேட்டார்கள், சொன்னார். ஒருவேளை எடுத்திருப்பாரோ? மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ பணம் கேட்டார்களே, அதற்காக இருக்குமோ? அப்படி நினைத்த உடனே தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். ஆனால் பூண்டு உரிக்க உட்கார்ந்தால் மறுபடியும் அந்த நினைப்புதான் முதலில் வந்து உட்காரும்.

வக்கீலின் அறையில் இரண்டு நாற்காலிதான். ஒன்றில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அவளுக்கு இடம் கொடுத்தார். அண்ணன் கதவில் சாய்ந்து நின்றான். அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். கை நாத்தம் அடிக்கும். பூண்டு வேலை."

"எனக்கு ஒண்ணுமே தெரியல அம்மா. மூக்கு அடைச்சு ஒரு வாரமாச்சு. என் பொண்டாட்டி கருவாடு பொரிச்சாகூட எனக்குத் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கைகள் முந்தானையிலிருந்து வெளியே வந்தன.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "சார், நேராவே கேக்கறேன். நீங்க சர்க்காரு ஆளு. எங்களுக்காக எப்படிச் சார் சர்க்காரையே எதிர்த்துப் பேசுவீங்க?"

வக்கீல் கோபப்படவில்லை. இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுப் பழகியவர் போலத் தலையாட்டினார். "சர்க்காரு எனக்குச் சம்பளம் குடுக்கறதே அதை எதிர்த்துப் பேசத்தான். விசித்திரமாத்தான் இருக்கும். வக்கீல் வைக்க முடியாதவனைத் தனியா நிக்க வச்சுத் தண்டிக்கக் கூடாதுன்னு சட்டம். அந்தத் தனியா நிக்கற எடத்துல பக்கத்துல நிக்கறதுக்குத்தான் நான். நல்லா நிக்கறேனா இல்லையான்னு பாத்துட்டுத் திட்டுங்க."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரரைச் சிறையில பாத்தேன். கடிகாரத்தைப் பத்திக் கேட்டா, பாக்கவே இல்லைங்கறாரு. அப்புறம் ஏன் நான்தான்னு சொன்னீங்கன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாரு. எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன். தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"அவர் எப்பவும் அப்படித்தான் சார்."

"அது பேசாத சுபாவம் இல்லம்மா. எதையோ மறைக்கறாரு. சரி, அன்னைக்கு நடந்ததை நீங்க சொல்லுங்க. காலையில எழுந்ததுலேருந்து."

"என்ன சார் சொல்றது? வேலைக்குப் போனாரு."

"எழுந்தாரு, என்ன சாப்பிட்டாரு, என்ன சொல்லிட்டுப் போனாரு. எல்லாம் சொல்லுங்க."

"எழுந்தாரு. டீ குடிச்சாரு. நான் டப்பால சோறு கட்டினேன். முட்டை அவிச்சு வச்சேன். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே கிளம்பிப் போனாரு."

"ஏன் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாரு? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல சார். அவர் முறை வாரம்ல. முறை வாரத்துல எப்பவும் அப்படித்தான் இருப்பாரு. அதான் முட்டை அவிச்சுக் குடுக்கறது. மத்த வாரத்துல முட்டை எங்களுக்கு ஏது?"

வக்கீல் தும்ம வாயைத் திறந்தவர், தும்மலையே மறந்துவிட்டார்.

"என்ன முறை?"

"அதான் சார், திட்டு முறை."

அவளுக்கு அது பெரிய சமாசாரமாகவே தோன்றவில்லை. குடியிருப்பில் குழாயடியைக் கழுவ வீட்டுக்கு வீடு முறை இருக்கிறதே, அது மாதிரி இதுவும் ஒரு முறை. நிதானமாக விளக்கினாள். பட்டறை முதலாளிக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. ஒரு விரிப்பில் சாயம் இறங்கிவிட்டது, ஒரு சட்டையில் பொத்தான் போய்விட்டது என்றால், முற்றத்தில் நின்று "யார் பண்ணினது?" என்று கத்துவார். முன்னெல்லாம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். உடனே எல்லாருக்கும் கூலியைப் பிடிப்பார், சாயங்காலம் வரை நிற்க வைப்பார். ஒரு முறை பாய்லர்காரருக்கு மயக்கமே வந்துவிட்டது. அதன் பிறகு வேலைக்காரர்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாரத்துக்கு ஒருவர். அந்த வாரம் யார் என்ன கெடுத்தாலும் முறைக்காரர்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். முதலாளி அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டி முடித்ததும் பசி வந்து வீட்டுக்குப் போய்விடுவார். மற்றவர்கள் வேலையைப் பார்க்கலாம்.

"அதுல ஒரு கண்டிஷன் சார். என்ன ஏதுன்னு கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. முதலாளி சத்தம் கேட்டதும் முதல்ல நான்தாங்கன்னு சொல்லிடணும். கொஞ்சம் லேட் ஆனாலும் அவர் கண்ணு ஒவ்வொருத்தர் மேலயா போகுமாம். அப்புறம் எல்லாருக்கும் ஆபத்து. ஒருதடவை காத்துல தெருக் கம்பம் சாஞ்சு கரண்ட் போயிருச்சு. முதலாளி கத்தினாரு. இவரு உள்ளேருந்து ஓடி வந்து நான்தாங்கன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது. வக்கீல், அவளே அந்த இடத்துக்கு வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்.

"சார்," என்றாள். "அப்ப அவரு… முதலாளி கத்தினாருல்ல. அவரு இஸ்திரி அறைக்குள்ள இருந்தாரு. என்ன கேட்டாங்கன்னே தெரியாம…"

"தெரியாமலேதான் சொல்லியிருக்காரு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எடுக்கவில்லை. அவர் எடுக்கவில்லை. தன் புருஷனைத் திருடனென்று நினைத்தபடி இத்தனை நாள் பூண்டு உரித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, ஆனால் அந்த வெட்கம்கூட இனித்தது. அண்ணன் கதவை விட்டு நகர்ந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தான்.

வக்கீல் இப்போதுதான் தும்மினார். நன்றாக, திருப்தியாக.

அடுத்த முறை சிறைக்குப் போனபோது கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் போட்ட சண்டை, காவலுக்கு நின்றவரே திரும்பிப் பார்க்கும்படி இருந்தது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? முறைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"கத்தாதே."

"கத்துவேன். ஊரே உங்களைத் திருடன்னு சொல்லுது."

இஸ்திரிக்காரர் இளைத்திருந்தார். சட்டை மட்டும் அங்கேயும் எப்படியோ மடிப்புக் கலையாமல் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வெளிய சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் பேசி வச்சது. முதலாளிக்குத் தெரிஞ்சா, இத்தனை நாளா என்னை ஏமாத்தினீங்களான்னு மொத்தமாத் தூக்கிடுவாரு. பாய்லர்காரருக்கு இந்த வயசுல வேற எங்க வேலை கிடைக்கும்? சோப்பு அக்காவுக்கு வீட்டுல படுத்த படுக்கையா ஒரு ஆளு. என் ஒருத்தனுக்காக எல்லார் வயித்துலயும் அடிக்கச் சொல்றியா?"

"உங்க வயித்துல அடிச்சிருக்காங்களே?"

"அது என் முறை" என்றார் அவர்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வலையையே பிய்த்திருப்பாள். "உங்க முறை ஒரு வாரம்தான். அது முடிஞ்சு எத்தனையோ வாரம் ஆச்சு. அங்க போயி நானே கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் பட்டறைக்குப் போன அன்றைக்கென்று பார்த்து வெயில் அடித்தது. இதைவிட மோசமான நாள் பேச்சுக்கு அமையாது. மழையில் தேங்கிப்போன ஈரத்துணி எல்லாவற்றையும் வெயில் போவதற்குள் காயப்போட்டு எடுத்தாக வேண்டும். ஆளுக்கு ஆள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முற்றம் முழுக்க வெள்ளை விரிப்புகள். முதலாளி விடுதிக்குப் போயிருந்தார், அது ஒன்றுதான் நல்ல காலம்.

சோப்பு அக்கா இரண்டு கையாலும் ஒரு விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டிரம்முக்கு டிரம் சோப்புத் தூள் அளந்து போடுகிறவள், அதனால் அந்தப் பெயர். ஏற்பாட்டை முதலில் யோசித்தவளும் அவள்தான். பூண்டுக்காரி விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக உதறிக் கம்பியில் போட்டார்கள்.

"நீ ஏன் வந்தேன்னு தெரியும்" என்றாள் சோப்பு அக்கா. "வக்கீலும் வந்துட்டுப் போனாரு. பாக்க ஒரு மிடுக்கும் இல்லாத மனுஷன். ஆனா கேள்வி மட்டும் ஊசி மாதிரி."

"வந்தாரா? எங்கிட்ட சொல்லலையே."

"உன்கிட்டச் சொல்லிட்டு வந்தா உன் புருஷனுக்குத் தெரியும், அவன் வேண்டாம்பான். அதான். அந்த முனையை இழு. சுருங்குது பார்."

அடுத்த விரிப்பை எடுத்தார்கள்.

"கோர்ட்ல வந்து சொல்லுங்க அக்கா. வேற யாரும் வேண்டாம். நீங்க ஒருத்தர் போதும்."

"சொல்லிட்டு? மறுநாள் எங்க போறது? எனக்கு மட்டும் மனசு இல்லையா? அவன் போனதுலேருந்து இந்தப் பட்டறையே பட்டறையா இல்ல. முறையும் நின்னு போச்சு. நான்தான்னு சொல்ல யாருக்கும் வாய் வரமாட்டேங்குது. முதலாளி தினம் எல்லாரையும் சேத்து வச்சுத் திட்டறாரு. பாய்லர்காரர் நேத்து அழுதுட்டாரு."

"அவருக்கு அடுத்த வாரம் யாரு முறை அக்கா?"

சோப்பு அக்கா கம்பியில் போட்ட கையை எடுக்கவில்லை.

"சொல்லுங்க. அவர் வாரம் முடிஞ்சதும் யாரு முறை வரணும்?"

"எனக்குத்தான்."

"கடிகாரம் ஒரு வாரம் கழிச்சுத் தொலைஞ்சிருந்தா?"

காற்று வீசி விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் எழும்பியது. இந்தப் பக்கம் நின்றவளுக்கு அந்தப் பக்கம் நின்றவளின் முகம் தெரியவில்லை, குரல்தான் வந்தது.

"நானும் சொல்லியிருப்பேன். யோசிக்காம சொல்லியிருப்பேன். அன்னைக்கு அவன் சொன்னப்பகூட, அப்பாடா, நம்ம வாரம் இல்லன்னு மூச்சு விட்டேன்டி. அது ஞாபகம் வரும்போதெல்லாம் சோறு எறங்க மாட்டேங்குது." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எந்தத் தேதின்னு சொல்லு. வரேன். ஆனா இப்ப சும்மா நிக்காதே. அந்தக் கூடையில இருக்கறதையும் போட்டுட்டுப் போ."

பூண்டுக்காரி வெயில் சாயும்வரை விரிப்புக் காயப்போட்டாள். அன்றைக்கு வந்த துணி எல்லாவற்றிலும் லேசாகப் பூண்டு வாசனை அடித்ததாக விடுதியிலிருந்து புகார் வந்ததாம்.

நீதிமன்றத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம்தான் பெரிதாக இருந்தது. இஸ்திரிக்காரரைக் காவலர் இருவர் கூட்டிவந்து கூண்டில் நிறுத்தினார்கள். அவள் பின் வரிசையில் அண்ணனோடு உட்கார்ந்திருந்தாள். இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்பதுதான் பயம். நீதிபதி ஒரு அதட்டு அதட்டினால் பழக்கதோஷத்தில் நான்தான் என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு எந்த வக்கீல் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் முதலாளி சாட்சி சொன்னார். எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான், நானே என் காதால் கேட்டேன் என்றார். அரசுத் தரப்பு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். நம் வக்கீல் எழுந்தார். சளி இன்னும் விட்டபாடில்லை. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஊர்க்கதை பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"உங்க பட்டறையில தப்பு நடந்தா யார் பண்ணினதுன்னு கேப்பீங்களா?"

"கேக்காம? என் பட்டறை."

"கேட்டா, நான் இல்லன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

முதலாளி யோசித்தார். "இல்ல. ஒத்துக்குவாங்க. நான் அப்படி வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக.

"போன வருஷம் காத்துல கம்பம் சாஞ்சு தெருவுக்கே கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கும் கேட்டீங்களா?"

"கத்தினேன். டிரம்ல துணி பாதியில நின்னு போச்சு. கத்தாம என்ன செய்வாங்க?"

"யாராவது ஒத்துக்கிட்டாங்களா?"

முதலாளி கூண்டைப் பார்த்தார். "இவன்தான் வந்தான். நான்தாங்கன்னான்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நம்பினீங்களா?"

"அதை எப்படிச் சார் நம்பறது? கம்பத்தை இவனா சாய்ப்பான்?"

"அப்ப கடிகாரத்தை மட்டும் ஏன் நம்பினீங்க?"

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் கேட்காமலே, பரிதாபமான குரலில் சொன்னார். "நான் எப்பவும் போலத் திட்டிட்டுப் போகத்தான் சார் கத்தினேன். அவங்கதான் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. விடுதிக்காரரு பக்கத்துல நிக்கறாரு. நான் என்ன பேச முடியும்?"

அடுத்து சோப்பு அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள். முதலாளி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. முறை என்றால் என்ன, அதை யார் ஏற்படுத்தினார்கள், அந்த வாரம் யாருடையது, எல்லாவற்றையும் சோப்புத் தூள் அளக்கிற மாதிரி கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கடைசியில், "அவரு நான்தாங்கன்னு சொல்லிட்டு, அப்புறம்தான் எங்கிட்ட, என்னக்கா ஆச்சு, சாயம் எறங்கிடுச்சான்னு கேட்டாருங்க. போலீஸ்காரர் அதுக்குள்ள கையைப் புடிச்சுட்டாரு" என்றாள்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். இதெல்லாம் ஒருவனைக் காப்பாற்ற எல்லாருமாகச் சேர்ந்து கட்டிய கதை என்றார். உலகத்தில் எந்த மனிதனாவது செய்யாத தப்பை, அது என்னவென்றே தெரியாமல் ஏற்றுக்கொள்வானா என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. நீதிபதிகூடத் தலையை லேசாக ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கைப்பேசி அலறியது. நாதஸ்வரமும் மேளமுமாகக் கச்சேரியே அடித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார்.

"யாரது? கோர்ட்டுன்னு நினைச்சீங்களா, சந்தைக்கடைன்னு நினைச்சீங்களா? யாருடைய போன் அது?"

"நான்தாங்க ஐயா!"

சொன்னது கூண்டிலிருந்து. இஸ்திரிக்காரர் கைகட்டி, தலை குனிந்து, திட்டு வாங்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். சிறையிலிருந்து வந்தவர். பையில் கைக்குட்டைகூடக் கிடையாது. கைப்பேசி அவருக்குப் பின்னால், கடைசி வரிசையில், அண்ணனின் இடுப்பில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அண்ணன் அதை அமுக்கத் தெரியாமல் சட்டைக்குள் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தான்.

முதலில் காவலர் ஒருவர் சிரித்தார். அதோடு நீதிமன்றமே சிரித்தது. அரசுத் தரப்பு வக்கீலும் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. கூண்டில் நின்ற மனிதரை வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்குப் போன் இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"ஐயா கோபமாக் கேட்டீங்க" என்றார்.

வக்கீல் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தும்மல்தான் வந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே, "நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிட்டாருங்க ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி இன்னும் ஒரு கேள்வி கேட்டார். அதட்டாமல், ஒவ்வொரு வார்த்தையாக. "யாருக்காகவும் இல்லாம, உங்க முறை இல்லாம, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கடிகாரத்தை எடுத்தீங்களா?"

இஸ்திரிக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பூண்டுக்காரி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தைகள் வாய்க்குப் புதிதாக இருந்ததால் தட்டுத்தடுமாறித்தான் வந்தன.

"நான்… இல்லைங்க."

அன்று மாலையே விட்டுவிட்டார்கள். கடிகாரம் எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அண்ணன் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் போனாலதான் சார் கேஸே ஜெயிச்சது என்று இரண்டு மூன்று முறை சொன்னான். வக்கீல் அதையும் ஒத்துக்கொண்டார். பூண்டுக்காரி உரித்த பூண்டு ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். "பால்ல வேகவச்சுக் குடிங்க சார், சளி ஓடிரும்" என்றாள். அவர் டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்து இழுத்துப் பார்த்தார். "லேசா வாசனை வருதும்மா" என்றபோது அவர் முகத்தில் வழக்கு ஜெயித்ததைவிட அதிக சந்தோஷம் தெரிந்தது. தாழ்வாரத்தில் இன்னொரு குடும்பம் அவருக்காகக் காத்திருந்தது. அவர்களும் ஒருவருக்கொருவர் குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். தாண்டிப் போகும்போது பூண்டுக்காரி அந்த அம்மாளின் தோளைத் தொட்டு, "நல்ல வக்கீலுங்க. பயப்படாம எல்லாத்தையும் சொல்லுங்க, முட்டை அவிச்சதைக்கூட விடாதீங்க" என்றாள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலாளி யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. கோடையே இல்லாத வருடத்தில் நனைந்த துணியோடு புது ஆட்களுக்கு எங்கே போவார்? இரண்டு நாள் யாருடனும் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் இஸ்திரிக்காரருக்கு ஆள் அனுப்பினார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அதற்கு முந்தின நாள், மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். பூண்டுக்காரி முன்னறையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டது.

"யாரு அது உடைச்சது?" என்று வழக்கம்போலக் கத்தினாள்.

உள்ளேயிருந்து, கொஞ்சம் தயங்கி, ஆனால் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"நான் இல்ல."

வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவள் கையிலிருந்த பூண்டை அப்படியே முறத்தில் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். காலைச் சுற்றிக் கண்ணாடிச் சில்லுகளோடு, கையில் ஈரத் துணியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். சொன்னதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் முகத்தில் துளியும் இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

"சரி, நகருங்க. நான்தான்" என்றாள். "இந்த வாரம் என் முறை."

அவர் சில்லைத் தாண்டிக் கால் வைத்து, அடுப்புப் பக்கம் போனார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"அப்ப முட்டை உனக்குத்தான்" என்றார்.